கேரம் அறையில் இனி எந்த விதி?

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது. கூட்டத்துக்கு வர முடியாதவர்களும் பொதுக்குழுவுக்கு முன்னால் படித்துவிட்டு வர வேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டதால் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)



தண்ணீர் லாரி, லிஃப்ட் பராமரிப்பு, பார்க்கிங் இவற்றைப் பற்றிப் பேச நம்மிடம் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். என்னைப் பேசச் சொன்னது கேரம் அறையைப் பற்றி. நான் கேரம் ஆடுகிறவள் இல்லை. அந்த அறையில் ஸ்கோர் எழுதுகிறவள். பி.காம். படித்துவிட்டு முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் கிளார்க்காக இருந்தவளுக்கு, ஓய்வு பெற்ற பிறகும் கூட்டிக் கழிக்க ஏதாவது வேண்டியிருக்கிறது. அதனால் அந்த நீல அட்டை நோட்டு என் கையில் இருக்கிறது. யார் பக்கமும் சாயாமல் பேசக்கூடியவள் என்று அதனாலேயே என்னை நிறுத்தியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

நம் அறையில் ஆரம்பத்திலிருந்தே ஆடுவது பாயிண்ட் ஆட்டம். கறுப்புக்கு 10, வெள்ளைக்கு 20, சிவப்புக்கு 50. எந்தக் காயை யார் வேண்டுமானாலும் போடலாம். சிவப்பைப் போட்டால் அடுத்து ஒரு காயைப் போட்டு ஃபாலோ காட்ட வேண்டும். சேத்தூரில் மட்டுமல்ல, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் திண்ணையிலும் மில் குவார்ட்டர்ஸிலும் இப்படி ஆடி வளர்ந்தவர்கள் ஏராளம்.

போட்டிகளில் ஆடுவது வேறு ஆட்டம். அங்கே ஒருவருக்கு ஒன்பது வெள்ளை, மற்றவருக்கு ஒன்பது கறுப்பு. அவரவர் நிறத்தைத்தான் போட வேண்டும். ஒருவர் முடித்ததும், எதிராளியின் காய்கள் போர்டில் எத்தனை மிச்சமோ அத்தனை புள்ளி. சிவப்பை, அதாவது ராணியை, எடுத்திருந்தால் கூட 3. இப்படி 25 புள்ளி சேர்த்தாலோ, எட்டு போர்டு முடிந்து முன்னால் இருந்தாலோ வெற்றி. ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது.

இந்த இரண்டுக்கும் நடுவே நம் பிள்ளைகள் மூன்றாவதாக ஒன்றை ஆடிக்கொண்டிருந்தார்கள். நிறம் பிரித்துக்கொள்வார்கள், ஆனால் யார் முதலில் ஒன்பதையும் போடுகிறாரோ அவரே வெற்றி, சிவப்பு இருந்தாலும் போனாலும் கவலையில்லை என்று. சி பிளாக்கில் இருக்கும் நம் சிறுமி ஒருத்தி அதில் கெட்டிக்காரி. பள்ளிகளுக்கு இடையிலான ஒரு போட்டிக்குப் போனாள். முதல் ஆட்டத்தில் எட்டு காய்களை எதிராளிக்கு முன்பே போட்டுவிட்டாள். ஒன்பதாவதையும் அழகாகப் போட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கினாள். ராணி நடுவில் உட்கார்ந்திருந்தது. ராணி போர்டில் இருக்கும்போது தன் கடைசிக் காயைப் போட்டால் அந்த போர்டு தோல்வி என்பது விதி. நடுவர் சொன்னபோது பிள்ளைக்குப் புரியவே இல்லையாம். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை என்று அவள் அம்மா சொன்னார்.

பெற்றோருக்குக் கோபம் வந்தது, நியாயம்தான். அந்த வாரமே கேரம் அறைச் சுவரில் போட்டி விதிகளின் தாள் ஒன்று ஒட்டப்பட்டது. "இன்று முதல் இதுதான்" என்று மேலே சிவப்பு மையில் எழுதியிருந்தது. அப்போது நம் தீபாவளி லீக் பாதியில் இருந்தது. பாயிண்ட் விதிப்படி தொடங்கிய லீக், அரையிறுதிக்கு வந்திருந்தது.

அந்த அரையிறுதியின் கடைசி போர்டை நோட்டிலிருந்து அப்படியே படிக்கிறேன். ஏ பிளாக் அண்ணாச்சி ஜோடி: வெள்ளை ஐந்து, கறுப்பு இரண்டு, சிவப்பு. எதிர் ஜோடி: வெள்ளை நான்கு, கறுப்பு ஏழு. பாயிண்ட் கணக்கில் அண்ணாச்சிக்கு 170, எதிரணிக்கு 150. ஆனால் எதிரணியில் இருந்த இளைஞர் சுவரைக் காட்டினார். "காய்க்கு ஒரு புள்ளி, சிவப்புக்கு மூன்றுதான்" என்றார். அப்படிப் போட்டால் அண்ணாச்சிக்கு 10, எதிரணிக்கு 11. ஒரே போர்டு, அதே காய்கள், இரண்டு வெற்றியாளர்கள்.

அண்ணாச்சி சத்தம் போடவில்லை. "என்னம்மா, அம்பது வருசமா ஆடுன ஆட்டம் நேத்து ராத்திரி தப்பாப் போச்சாக்கும்" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். தன் ஸ்ட்ரைக்கரைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அறைக்கு வரவில்லை. அவரோடு ஆடிய இன்னும் மூன்று பேரும் வரவில்லை. மனைவி போன பிறகு அண்ணாச்சிக்கு மாலை ஆறு மணி என்றால் அந்த அறைதான். இப்போது ஆறு மணிக்கு அவர் வராண்டாவில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். என் வீட்டு ஜன்னலிலிருந்து தெரிகிறது.

ஆகவே நம் முன்னால் இருப்பவை இரண்டு. பஸ்ஸில் பேசாமல் வந்த பிள்ளை ஒரு பக்கம், வராண்டாவில் உட்கார்ந்திருக்கும் அண்ணாச்சி ஒரு பக்கம். எந்த விதி நல்லது என்று கேட்டுக்கொண்டே இருந்தால் இந்த இருவரில் ஒருவரை இழப்போம். விதியை எப்படி மாற்றுவது என்று கேட்டால் இருவரையும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததில்லை. மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம்.

முதலில் நம் வீட்டு ஆட்டங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். பல்லாங்குழியில் குழியில் நான்கு சேர்ந்தால் பசு என்று எடுப்பவர்கள் இங்கே எத்தனை பேர்? கை தூக்குங்கள். ஆறு சேர்ந்தால்தான் பசு என்பவர்கள்? பாருங்கள், ஒரே ஊரில் இத்தனை கைகள். தாயத்தில் ஒரு வெட்டாவது வெட்டாமல் காய் பழமாகக் கூடாது என்பது ஒரு வீட்டு விதி, பக்கத்து வீட்டில் அது கிடையாது. கல்யாணமாகிப் போன பெண் மாமியார் வீட்டில் தாயம் ஆட உட்கார்ந்ததும் முதலில் கேட்பது, "உங்க வீட்டுல எப்படி?" என்பதைத்தான். ஆடுவதற்கு முன்னால் கேட்டதால் சண்டை வராது. காயை வெட்டின பிறகு கேட்டால் வரும்.

அடுத்து சதுரங்கம். 2024ல் உலகச் சாம்பியன் ஆன குகேஷ் வரை தமிழ்நாட்டின் பெயர் சொல்லும் ஆட்டம். ஆனால் 1960கள் வரை நம் நாட்டில் பல ஊர்களில் ஆடியது இன்றைய சதுரங்கம் இல்லை. நாட்டு விதிகள் வேறு. சிப்பாய் முதல் நகர்விலும் ஒரே கட்டம்தான் போகும். இப்போது ராஜாவும் யானையும் இடம் மாறிக் கோட்டை கட்டுகிறார்கள் அல்லவா, அதற்குப் பதிலாக, செக் வாங்காத ராஜா ஒரே ஒரு முறை குதிரையைப் போலத் தாவலாம். ஊருக்கு ஊர் இன்னும் சில வித்தியாசங்கள்.

இதைப் பன்னாட்டு விதிக்குக் கொண்டுவந்ததில் பெரும் பங்கு மானுவேல் ஆரோன் அவர்களுக்கு உண்டு. பர்மாவில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர். 1961ல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனவர். 1959க்கும் 1981க்கும் இடையில் ஒன்பது முறை தேசியச் சாம்பியன். அவர் செய்ததைக் கவனியுங்கள். ஆடுகிறவர்களைக் குழுக்களாகச் சேர்த்தார். தொடக்க நகர்வுகளையும் சதுரங்க நூல்களையும் முறையாகப் படிக்கச் சொன்னார். 1972ல் சென்னையில் சோவியத் கலாச்சார மையத்தில் டால் சதுரங்கக் கழகம் அமைந்தது. சிறுவன் ஆனந்த் பழகியது அங்கேதான். 1988ல் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். சுவரில் தாள் ஒட்டினால் மட்டும் இதெல்லாம் நடந்திருக்காது. ஆடுவதற்கு ஓர் இடம், கற்றுக்கொடுக்க ஆள், பழகுவதற்குக் காலம் எல்லாம் தேவைப்பட்டன.

பழைய விதியில் தேர்ந்தவர் புதிய விதிக்கு வந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சதுரங்கத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. மீர் சுல்தான் கான், பஞ்சாப்காரர். அப்பாவிடம் நாட்டு விதிப்படி ஆடக் கற்றவர். பிறகுதான் மேலை விதிகளைப் பழகினார். 1929ல் இங்கிலாந்து போய் அதே வருஷம் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். 1932லும் 1933லும் மறுபடி வென்றார். முன்னாள் உலகச் சாம்பியன் கபாபிளாங்காவையே ஒரு போட்டியில் தோற்கடித்தார். அவருக்கு இருந்த குறை தொடக்க நகர்வுகளில்தான். சிப்பாய் இரண்டு கட்டம் தாண்டும் ஆட்டத்தில் பத்து நகர்வுக்குள் என்னென்ன நடக்கும் என்பதை மற்றவர்கள் சின்ன வயதிலிருந்து படித்திருந்தார்கள், அவருக்கு அது புதிது. ஆட்டம் நீண்டு காய்கள் குறைந்த பிறகு அவரை அசைக்க முடியாது. விதி மாறும்போது மனப்பாடம் செய்தது போய்விடுகிறது. கண்ணும் பொறுமையும் கூடவே வருகின்றன. அண்ணாச்சி இதைப் படித்தால் நன்றாக இருக்கும்.

ஸ்கோர் எழுதுகிறவள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். சதுரங்க நகர்வுகளை எழுதும் முறையே மாறியிருக்கிறது. ராஜாவின் சிப்பாய் நான்காம் கட்டத்துக்கு என்று பொருள்படும்படி "பி-கே4" என்று ஆங்கிலப் புத்தகங்களில் எழுதிய அதே நகர்வு இன்று வெறும் "ஈ4". 1981 முதல் பன்னாட்டுக் கூட்டமைப்பு இந்தப் புதிய முறையை மட்டும்தான் ஏற்கிறது. ஆனால் பழைய முறையில் அச்சான புத்தகங்களை யாரும் எரித்துவிடவில்லை. வீட்டில் அப்படி எழுதுவதை யாரும் தடுக்கவும் இல்லை. போட்டிக்கு வந்தால் போட்டி முறை, அவ்வளவுதான்.

மாற்றிய விதியைத் திரும்பப் பெற்றதும் உண்டு. ஐம்பது நகர்வுக்குள் சிப்பாய் நகராமலும் காய் வெட்டுப்படாமலும் இருந்தால் ஆட்டம் டிரா என்று கேட்கலாம் என்பது விதி. 1980களில் சில வகை இறுதியாட்டங்களுக்கு மட்டும் அந்த எண்ணிக்கையை நீட்டிப் பார்த்தார்கள். 1992ல் எல்லாவற்றுக்கும் மீண்டும் 50 என்றே வைத்துவிட்டார்கள். செய்து பார்த்தோம், சரிவரவில்லை, பழையபடி வைத்துக்கொள்வோம் என்று சொல்வதில் அவமானம் ஒன்றும் இல்லை.

கேரமும் விதிவிலக்கில்லை. சர்வதேச கேரம் கூட்டமைப்பு 1988ல் நம் சென்னையில்தான் தொடங்கியது. சென்னையின் மரிய இருதயம் இரண்டு முறை உலகச் சாம்பியன் ஆனார், 1996ல் அர்ஜுனா விருதும் பெற்றார். இப்படி அமைப்பும் பெயரும் இருக்கும் போட்டிக் கேரமிலும் விதி ஒரே இடத்தில் நிற்கவில்லை. முன்பு ஒரு ஆட்டம் 29 புள்ளி, ராணிக்கு 5. இப்போது 25, ராணிக்கு 3. ஆக, சுவரில் ஒட்டிய தாளும் வேதம் இல்லை. நாளை அதுவும் மாறலாம். அதனால்தான், எந்தத் தாள் என்பதைவிட எப்படி மாற்றுவது என்பதை நாம் கற்றுக்கொண்டால் அடுத்த தடவைக்கும் உதவும்.

எப்படி மாற்றுவது என்பதில் எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது என் அக்கா பேரன். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. சனிக்கிழமை இரவு நண்பர்கள் ஐந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து "டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்" என்று ஓர் ஆட்டம் ஆடுகிறார்கள். ஒருவர் கதை சொல்வார், மற்றவர்கள் அந்தக் கதையில் வீரனாகவோ மந்திரவாதியாகவோ இருப்பார்கள். சண்டை வந்தால் இருபது முகம் கொண்ட பகடையை உருட்டி முடிவு பார்ப்பார்கள். ஒரே கதை ஒன்றிரண்டு வருஷம்கூட ஓடுமாம். கோயில் திருவிழாவில் பத்து நாள் பாரதக் கூத்து பார்த்தவர்களுக்கு இது பெரிய அதிசயமில்லை.

இந்த ஆட்டம் 1974ல் அமெரிக்காவில் வந்தது. விதிகள் தடித்தடிப் புத்தகங்களாக இருக்கும். சில வருஷத்துக்கு ஒரு முறை நிறுவனம் புதிய பதிப்பு போடும், விதிகள் மாறும். உலகம் முழுக்க ஒவ்வொரு மேசையிலும் அப்போது நம் கேரம் அறைச் சண்டைதான். 2008ல் நான்காம் பதிப்பு வந்தபோது பலருக்குப் பிடிக்கவில்லை. அடுத்த வருஷமே இன்னொரு நிறுவனம் பழைய விதிகளை அடிப்படையாக வைத்து "பாத்ஃபைண்டர்" என்று தனி ஆட்டமே வெளியிட்டது. நிறையப் பேர் அங்கே போய்விட்டார்கள். அதில் பாடம் கற்றார்களோ என்னவோ, ஐந்தாம் பதிப்புக்கு முன்னால் 2012லேயே வரைவு விதிகளை ஆட்டக்காரர்களிடம் கொடுத்து, ஆடிப் பார்த்துக் கருத்துச் சொல்லச் சொன்னார்கள். 2014ல்தான் புத்தகமாக வந்தது. 2024ல் அதையும் திருத்தி வெளியிட்டிருக்கிறார்கள்.

"உங்க குரூப்ல சண்டை வரலியாப்பா?" என்று கேட்டேன். "வந்துச்சு பாட்டி. அப்புறம் எங்களுக்குள்ள நாலு விஷயம் பேசி வெச்சுக்கிட்டோம்" என்றான். அந்த நாலையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்தேன்.

ஒன்று, ஓடிக்கொண்டிருக்கும் கதையை நடுவில் புதிய விதிக்கு மாற்றுவதில்லை. பழைய விதியில் தொடங்கியது பழைய விதியிலேயே முடியும். ஒன்றரை வருஷம் பாடுபட்டு வளர்த்த மந்திரவாதி ஒரே இரவில் பலம் குறைந்துபோனால் அந்த ஆள் அடுத்த சனிக்கிழமை வரமாட்டான்.

இரண்டு, புதிய விதியை முதலில் ஒரே இரவில் முடியும் சின்னக் கதையில் ஆடிப் பார்ப்பது. அதில் தோற்றாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

மூன்று, ஒரு மேசையில் ஒரே புத்தகம். எனக்குச் சாதகமான விதி பழையதிலிருந்து, உனக்குச் சாதகமானது புதியதிலிருந்து என்று எடுக்கக் கூடாது. கலக்க வேண்டுமென்றால் எல்லோரும் பேசி, ஆட்டத்துக்கு முன்னால் எழுதி வைத்துவிட வேண்டும்.

நான்கு, மாற விரும்பாத நண்பரைத் துரத்துவதில்லை. அவர்கள் குழுவில் ஒருவர் பழைய பதிப்புதான் வேண்டும் என்றார். அவருக்காக மாதத்தில் ஒரு நாள் பழைய புத்தகம் மேசைக்கு வருகிறது. "அன்னிக்குத்தான் பாட்டி அதிகம் சிரிக்கிறோம்" என்றான்.

இவற்றைக் கேட்டபோது எனக்கு என் வங்கிதான் ஞாபகம் வந்தது. வட்டி விகிதம் மாறி சர்க்குலர் வரும். அதில் முதலில் பார்ப்பது "எந்தத் தேதியிலிருந்து" என்பதைத்தான். தேதி இல்லாத சர்க்குலர் வெறும் காகிதம். நீங்கள் போட்ட ஃபிக்ஸட் டெபாசிட் 8 சதவீதத்தில் இருக்கிறது, இன்று விகிதம் 7 ஆகிவிட்டது என்றால், கவுண்டரில் கூப்பிட்டு உங்கள் வட்டியைக் குறைக்க மாட்டோம். முதிர்வு தேதி வரை பழைய வட்டி. புதுப்பிக்கும்போது புதிய வட்டி. ரசீது கொடுத்த அன்று ஒப்புக்கொண்டதை இரு தரப்பும் கடைசி நாள் வரை காப்பாற்றுகின்றன. பெங்களூர்ப் பையன்களின் முதல் விதியும் இதுவேதான். நம் தீபாவளி லீக்கும் முதிர்வு வராத டெபாசிட் மாதிரிதான்.

காசோலை மாறியபோதும் அப்படி. சி.டி.எஸ். 2010 என்ற புதிய தரத்தில் காசோலைகள் வந்த பிறகு, பழைய காசோலையை ஒரே நாளில் செல்லாது என்று சொல்லிவிடவில்லை. அவற்றுக்குத் தனி கிளியரிங் வைத்தார்கள். வாரம் மூன்று நாள் என்று இருந்தது, பிறகு இரண்டு நாள், பிறகு ஒரே நாள், கடைசியில் மாதத்துக்கு ஒரு நாள் என்று குறைந்து, 2018 டிசம்பர் 31ஆம் தேதியோடு நின்றது. அதற்குள் எல்லோரும் புதிய புத்தகம் வாங்கிவிட்டார்கள். பழையதையும் புதியதையும் ஒரே கட்டில் போட்டுக் குழப்பவில்லை என்பதைப் பாருங்கள். தனி நாள், தனிக் கட்டு. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. காசோலைக்கு ஒரு முடிவு தேதி கட்டாயம் வேண்டும், ஏனென்றால் அது நாடு முழுக்கப் போகிற காகிதம். நாம் நால்வர் மாலையில் ஆடும் ஆட்டத்துக்கு முடிவு தேதி எதற்கு?

இந்தக் கண்ணோடு நம் பிரச்சினையைத் திரும்பிப் பாருங்கள். அந்தப் பிள்ளையைத் தோற்கடித்தது அண்ணாச்சியின் பாயிண்ட் விதி இல்லை. அதில் நிறமே கிடையாது. போட்டி விதியையும் குறை சொல்ல முடியாது. எங்குமே எழுதாத, பாதி இது பாதி அது என்ற மூன்றாவது விதிதான் காரணம். அண்ணாச்சியைத் தோற்கடித்த 10க்கு 11 கணக்கும் அதே போன்ற கலப்படம்தான். போட்டி விதியில் ஒருவர் தன் நிறத்தை மட்டும் போட வேண்டும். வெள்ளையும் கறுப்புமாகப் போட்டுவிட்டுத் தலைக்கு ஒன்று என்று எண்ணுவது எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆக, பிள்ளையும் அண்ணாச்சியும் ஒருவருக்கொருவர் எதிரிகளே இல்லை. இருவரையும் கவிழ்த்தது ஒன்றேதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விதி மாறும்போது எல்லோரும் சமமாக இழப்பதில்லை. புதிதாக வருகிறவருக்கு இழக்க ஒன்றுமில்லை. ஐம்பது வருஷம் ஆடியவருக்குத்தான் நஷ்டம். எந்த நேரத்தில் சிவப்பைத் தொடலாம், எப்போது கறுப்பை விட்டு வெள்ளைக்குப் போகலாம் என்று அவர் கை சேர்த்து வைத்த கணக்கு முழுவதும் 50, 20, 10 என்ற எண்களின் மேல் கட்டியது. அதை ஒரு தாளால் மூடிவிட்டு "ஏன் கோபப்படுகிறீர்கள்" என்று கேட்பது முறையாகாது. அதே சமயம், வெளியே போய் ஆட வேண்டிய பிள்ளைகளுக்கு வெளியே உள்ள விதியைச் சொல்லிக்கொடுக்காமல் இருப்பதும் முறையாகாது.

போன வாரம் அண்ணாச்சியிடம் போய்ப் பேசினேன். மாற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "புள்ளைங்க போட்டி ஆட்டம் ஆடட்டும்மா, அதுதானே அவங்களுக்கு நாளைக்கு வேணும். ஆனா என்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல" என்றார். சுவரில் ஒட்டிய இளைஞரிடமும் பேசினேன். "ஆன்ட்டி, யார்கிட்ட கேக்கணும்னே எனக்குத் தெரியல" என்றார். அவர் சொன்னதும் உண்மை. நம் அறைக்கு விதியை மாற்றுவதற்கென்று ஒரு விதி இல்லை.

ஆகவே பொதுக்குழுவின் முன் ஐந்து யோசனைகளை வைக்கிறேன்.

முதலாவது, தீபாவளி லீக் தொடங்கிய விதியிலேயே முடியட்டும். அரையிறுதி முடிவு 170க்கு 150 என்று பதிவாகட்டும். இறுதி ஆட்டமும் பாயிண்ட் ஆட்டமாக நடக்கட்டும். ஜெயித்தவருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா என் செலவு.

இரண்டாவது, தை முதல் தேதியிலிருந்து புதிதாகத் தொடங்கும் லீக்குகள் போட்டி விதிப்படி நடக்கட்டும். அதுவரை மார்கழி முழுவதும் பழகும் மாதம். புள்ளி கணக்கில் சேராது, தோற்றால் யாரும் கேட்கமாட்டார்கள். விதிகளை ஒரே பக்கத்தில், தமிழில், பெரிய எழுத்தில் நான் எழுதித் தருகிறேன். கண்ணாடி இல்லாமல் படிக்கும்படி இருக்கும்.

மூன்றாவது, இரண்டு போர்டுகளில் ஜன்னலோரம் இருப்பது பாயிண்ட் போர்டாகவே இருக்கட்டும், முடிவு தேதி இல்லாமல். ஞாயிறு மாலை அதற்கென்று தனி நோட்டு போடுகிறேன். அந்த போர்டில் 15 கிராம் கேள்வியும் கிடையாது. அண்ணாச்சி தன் பழைய ஸ்ட்ரைக்கரையே கொண்டுவரலாம்.

நான்காவது, ஒரு போர்டில் ஒரு விதி. முதல் அடி அடித்த பிறகு விதியைப் பற்றிய பேச்சு அந்த போர்டு முடியும் வரை கிடையாது. சந்தேகம் வந்தால் நோட்டில் குறித்து வைத்து மாதக் கடைசியில் பேசலாம்.

ஐந்தாவது, இனி எந்த விதியை மாற்றுவதானாலும் அறையில் ஆடுகிறவர்களைக் கேட்டு, ஒரு மாதம் முன்னால் அறிவித்து, தேதி போட்டு மாற்ற வேண்டும். ஆறு மாதம் கழித்து ஒரு முறை உட்கார்ந்து, சரிவந்ததா என்று பார்க்க வேண்டும். சரிவரவில்லை என்றால் பழையபடி போகலாம்.

இதற்கெல்லாம் ஒப்புக்கொண்டாலும் ஓரிருவர் வராமல் போகலாம். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில்கூட ஒருவர் குழுவை விட்டுப் போனாராம். ஆனால் முன்கூட்டியே கேட்கவில்லை என்ற மனக்கசப்போடு நம் அறையிலிருந்து ஒருவரும் போகக் கூடாது.

போட்டி விதியைப் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக்கொடுப்பது என்று செயலாளர் கேட்டார். சி பிளாக் சிறுமியைக் கேட்டேன். ராணியை விட்டுவிட்டுக் கடைசிக் காயைப் போடக் கூடாது என்பது அவளைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. சரி என்று சொல்லிவிட்டாள். ஆனால் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள். சிவப்பை ஒரே அடியில் எடுத்து, ஃபாலோவையும் கூடவே போடுகிற அந்த அடியை அண்ணாச்சி அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். அந்த அடி எந்த விதியிலும் செல்லும்.

பொதுக்குழுவில் கை தூக்க மறக்காதீர்கள்.